ஒரு மதிப்பெண் பாக்கி



போன வாரம் உப்பிலியபுரத்தில் எங்கள் வெங்காயக் காட்டில் களை எடுத்தார்கள். நான் வரப்பில் உட்கார்ந்திருந்தேன். லீவுக்கு வந்திருக்கும் பேத்தி, பிடுங்கிப் போட்ட களையிலிருந்து ஒரு சொடக்குத் தக்காளிச் செடியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். காற்றடைத்த பை மாதிரி இருக்கும் பச்சைக் கூடு ஒன்றைப் பறித்து, "தாத்தா, அசையாதீங்க" என்று என் நெற்றியில் ஓங்கி அடித்தாள். 'சொடக்'கென்று வெடித்தது. அவள் சிரித்தாள். எனக்கு 1994ஆம் வருஷத்து அரையாண்டுத் தேர்வு ஞாபகம் வந்துவிட்டது.

என்னிடம் படித்தவர்களுக்குப் பூ பாடம் மறந்திருக்காது. மேசையில் செம்பருத்தியை வைத்து வட்டம் வட்டமாகப் பிரித்துக் காட்டுவேன். புல்லி, அல்லி, மகரந்தத்தாள், சூலகம். கீழே பச்சையாக இருப்பது புல்லிவட்டம். புல்லுதல் என்றால் தழுவுதல். மொட்டைத் தழுவி நிற்பது புல்லி என்று நினைத்துக்கொண்டால் மறக்காது என்பேன். வெயில், மழை, பூச்சி எதுவும் உள்ளே இருக்கும் இளம் இதழ்களை அண்டாமல் அது காக்கிறது. பூ விரிந்ததும் அதன் வேலை முடிந்தது. இப்படித்தான் வருஷக்கணக்காகச் சொன்னேன்.

அந்தத் தேர்வில், "புல்லிவட்டத்தின் பணி யாது?" என்று இரண்டு மதிப்பெண் கேள்வி. புளியஞ்சோலைப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்த ஒரு பையன், "மொட்டைப் பாதுகாக்கும். சொடக்குத் தக்காளியில் பழத்தையும் பாதுகாக்கும்" என்று எழுதியிருந்தான். ஒரு மதிப்பெண் போட்டு, இரண்டாவது வரியைச் சிவப்பு மையால் அடித்து, "பாடத்தில் உள்ளதை மட்டும் எழுதவும்" என்று பக்கத்தில் எழுதினேன்.

தாளைக் கொடுத்த மறுநாள், அவன் ஒரு கை நிறையச் சொடக்குத் தக்காளி கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். வகுப்பே சிரித்தது. பசங்க இதை ஒருத்தர் நெற்றியில் ஒருத்தர் வெடித்து விளையாடுவார்கள் அல்லவா, எனக்கு விளையாட்டுக் காட்டுகிறான் என்று நினைத்துவிட்டேன். அந்தப் பீரியட் முழுக்க நிற்க வைத்தேன். ஒரு வார்த்தை பேசாமல் நின்றான். அதற்குப் பிறகு அந்த வருஷம் முழுக்க என் வகுப்பில் அவன் கை தூக்கவே இல்லை.

அவன் எழுதியது சரி.

அன்றைக்கு வரப்பில் உட்கார்ந்து அந்தச் செடியை நுனியிலிருந்து அடிவரை பார்த்தேன். ஒரே செடியில் எல்லாம் இருந்தது. சின்ன மஞ்சள் பூ. அதன் அடியில் ஐந்து முனையுள்ள குட்டிப் பச்சைக் கிண்ணம். அடுத்த கணுவில் இதழ் உதிர்ந்திருந்தது. கிண்ணம் கொஞ்சம் பெரிதாகியிருந்தது. அதற்கும் கீழே அது காயைச் சுற்றி வளர்ந்து, ஐந்து முனையும் ஒன்றாகக் கூடி, வாய் மூடிய கூடாகியிருந்தது. அந்தக் கூடுதான் புல்லிவட்டம். உள்ளே இருக்கும் பழத்தைப் பூச்சி எளிதில் தொட முடியாது. பச்சையாக இருப்பதால் இலையைப் போல உணவும் தயாரிக்கிறது. பழுத்ததும் காய்ந்து, பழத்தோடு சேர்ந்தே கீழே விழுகிறது. பூ விரிந்த பிறகுதான் அதற்குப் பெரிய வேலையே!

அப்புறம் எங்கே பார்த்தாலும் புல்லிதான். கத்தரிக்காயின் பச்சைத் தொப்பி புல்லிவட்டம். சந்தையில் காய் புதுசா என்று நாம் பார்ப்பதே அந்தத் தொப்பி வாடியிருக்கிறதா என்றுதானே? தக்காளி, மிளகாய், சுண்டைக்காய் எல்லாம் அதே குடும்பம். எல்லாவற்றிலும் காம்போடு ஒட்டிக்கொண்டு கடைசிவரை வருகிறது. மாதுளம்பழத்தின் கிரீடம் புல்லி. கிராம்பின் தலையில் இருக்கும் நான்கு பற்களும் புல்லி. நடுவில் இருக்கும் உருண்டை விரியாத இதழ்கள். வீட்டு வாசல்களில் ரோஸ் நிறத்தில் கொத்தாகத் தொங்கும் முசெண்டாவில் நாம் பூ என்று ரசிப்பது புல்லி இதழ்களைத்தான். உண்மையான பூ நடுவில் மஞ்சளாகச் சின்னதாக இருக்கும்.

நான் சொன்னபடியே நடக்கும் செடியும் உண்டு. ரோட்டோரத்துப் பிரம்மதண்டில் பூ விரியும்போதே புல்லி உதிர்ந்துவிடும். ஆக, பாடம் பொய்யில்லை. பாடத்துக்கு வெளியே எதுவும் இல்லை என்று நான் நடந்துகொண்டதுதான் பிழை. பள்ளிக்கூடத்துக்கு வரும் வழியெல்லாம் அந்தச் செடி முளைத்துக் கிடந்தது. ஒரு நாள் குனிந்து பார்த்திருந்தால் போதும்.

அவன் பெயரை இங்கே போடவில்லை. இதைப் படித்தால் அவனுக்குத் தெரியும். அவன் கூடப் படித்தவர்கள் யாராவது இருந்தால் இதை அவனிடம் சேர்த்துவிடுங்கள். தம்பி, உன் பதில் சரி. இரண்டுக்கு இரண்டு. நிற்க வைத்ததற்கு என்னை மன்னித்துவிடு.

என் மாணவர்களில் பலர் இன்று ஆசிரியர்கள். உங்களுக்கு ஒரு வேண்டுகோள். பாடத்தில் இல்லாத ஒரு வரியை ஒரு பிள்ளை எழுதினால், அடிப்பதற்கு முன் அவனைக் கூப்பிட்டு, "எங்கே பார்த்தே?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.