வாயைத் திறக்காத குழந்தை

"ஏண்டி, உட்கார உனக்கு ஒரு நாற்காலி கூடவா கிடைக்கலை? தினமும் கம்ப்யூட்டர் முன்னாடி நின்னுக்கிட்டே பேசறியே, கால் வலிக்காதா?"

2020-ம் வருஷம் ஏப்ரல் மாதம். கொரோனாவால் ஊரே அடங்கிக் கிடந்த சமயம். நான் வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலையைப் பார்த்துக் கொண்டிருந்தேன். கீரையை ஆய்ந்து கொண்டே அம்மா இப்படிக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அது எங்க ஆபீஸ் முறைம்மா. நின்னுக்கிட்டுப் பேசினா பேச்சு சீக்கிரம் முடிஞ்சுடும்" என்றேன்.

"நல்ல முறைதான் போ! அந்தக் காலத்துல தெருக் குழாயடியில எல்லாரும் நின்னுக்கிட்டுத்தான் பேசினோம். சீக்கிரமா முடிஞ்சுது?"

அம்மா கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் அதில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்பதை மூன்று வருஷங்களுக்கு முன்பே நான் பட்டுத் தெரிந்து கொண்டிருந்தேன். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். ஆபீஸ் கதைதானே என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள், சகோதரிகளே! கடைசியில் அது வீட்டுக்குள்தான் வந்து நிற்கிறது.

சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் ஒன்பது பேர் கொண்ட டீமுக்கு நான் தலைவி. வெளிநாட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றுக்கு வேலை செய்து கொண்டிருந்தோம். 2017-ல் ஒரு நாள் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. இனிமேல் எல்லா டீமும் 'அஜைல்' முறைக்கு மாற வேண்டுமாம்.

அது என்ன அஜைல் என்கிறீர்களா? வீடு கட்டிப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். மேஸ்திரியிடம் எல்லாவற்றையும் ஒரே தடவையில் சொல்லிவிட்டு, ஒரு வருஷம் கழித்துக் கிரகப்பிரவேசத்தன்று போய்ப் பார்த்தால் எப்படி இருக்கும்? "ஐயையோ, சமையல் மேடையை ஜன்னல் பக்கம்னு இல்ல சொன்னேன்!" என்று தலையில் கை வைப்போம். இடித்துக் கட்டவும் முடியாது, அதோடு குடித்தனம் பண்ணவும் முடியாது. பழைய முறையில் சாஃப்ட்வேர் செய்வது பெரும்பாலும் இப்படித்தான். புது முறையில், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஒரு சிறு பகுதியை முடித்து, வாடிக்கையாளரிடம் காட்டி, அவர் சொல்வதைக் கேட்டு அடுத்ததைச் செய்ய வேண்டும். அந்த இரண்டு வாரத்துக்கு 'ஸ்பிரின்ட்' என்று பெயர். தினமும் பதினைந்து நிமிஷம் எல்லாரும் கூடி நின்று பேச வேண்டும். இரண்டு வாரம் முடிந்ததும், எது நன்றாக நடந்தது, எது நடக்கவில்லை என்று தங்களுக்குள் மனம் விட்டுப் பேசிக்கொள்ள வேண்டும். அதற்கு 'ரெட்ரோ' என்று பெயர்.

இதற்கு ஒரு சரித்திரமும் உண்டு. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்ற பனிமலை விடுதியில் 17 பேர் கூடி ஒரு சிறு அறிக்கை எழுதினார்கள். அஜைல் என்ற பெயர் அங்கே வைத்ததுதான். அதன் முதல் கொள்கையே, முறைகளையும் கருவிகளையும் விட மனிதர்களும் அவர்கள் ஒருவரோடு ஒருவர் பழகுவதும் பெரிது என்பதுதான்.

இதையெல்லாம் இரண்டு நாள் வகுப்பில் படித்து, பரீட்சையும் எழுதிப் பாஸ் செய்து, சர்டிபிகேட்டோடு வந்தேன். வந்து என்ன செய்தேன் தெரியுமா? அந்த முதல் கொள்கைக்கு நேர் எதிராக எல்லாவற்றையும் செய்தேன்!

காலை ஒன்பது மணிக்குக் கூட்டம் என்று உத்தரவு போட்டேன். நடுவில் நோட்டுப் புத்தகத்தோடு நான் நிற்பேன். "நேத்து என்ன செஞ்சீங்க? இன்னிக்கு என்ன செய்யப் போறீங்க? ஏதாவது தடங்கல் உண்டா?" என்று ஒவ்வொருவராகக் கேட்பேன். பள்ளிக்கூடத்தில் டீச்சர் அட்டெண்டன்ஸ் எடுப்பது போல் இருக்கும். பதினைந்து நிமிஷம் நாற்பது நிமிஷமாகும். எங்கள் டீமில் பத்தொன்பது வருஷ அனுபவம் உள்ள ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம், மூத்தவர் என்றே சொல்கிறேன். அவர் தினமும் ஒரே பதில்தான் சொல்வார்: "நேத்து செஞ்சதைத்தான் இன்னிக்கும் செய்யறேன். தடங்கல் ஒண்ணும் இல்ல." பக்கத்தில் நிற்கும் இளைஞன் நமட்டுச் சிரிப்பு சிரிப்பான். எனக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வரும்.

அதோடு விட்டேனா? இந்த முறையில் ஒவ்வொரு வேலைக்கும், அது எவ்வளவு கடினம் என்று டீமே 1, 2, 3, 5, 8 என்று ஒரு புள்ளி போட்டுக் கொள்ளும். அது அவர்களுடைய சொந்த அளவு. உங்கள் வீட்டு டம்ளர் வேறு, எங்கள் வீட்டு டம்ளர் வேறு அல்லவா? நானோ, "அடுத்த டீம் நாற்பது புள்ளி முடிச்சிருக்காங்க, நாம இருபத்தாறுதான்" என்று படம் போட்டுச் சுவரில் ஒட்டினேன். அடுத்த ஸ்பிரின்டிலேயே எங்கள் புள்ளி நாற்பத்தைந்தாக ஏறியது! வேலை ஏறவில்லை. முன்பு 3 போட்டதற்கு இப்போது 5 போட்டிருந்தார்கள், அவ்வளவுதான். டம்ளரைச் சின்னதாக்கினால் கணக்கில் பால் பெருகும்தானே?

நாலாவது ஸ்பிரின்ட் முடிவில் வெளிநாட்டுக்காரர்கள் பார்த்துக் கொண்டிருக்கும்போதே பிரிமியம் கணக்குப் போடும் திரை அப்படியே நின்றுவிட்டது. எனக்கு அவமானத்தில் முகம் சிவந்துவிட்டது. கூட்டம் முடிந்ததும் மூத்தவரிடம் போனேன்.

"சார், இது நிக்கும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"பின்னே ஏன் சொல்லலை? தடங்கல் உண்டான்னு தினமும் கேட்டேனே!"

அவர் கோபப்படவில்லை. நிதானமாகச் சொன்னார்: "கேட்டீங்க. ஆனா சொன்னா, 'ஏன் இன்னும் முடியலை'ன்னு எல்லார் முன்னாடியும் இன்னொரு கேள்வி வருமே மேடம்!"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அதே வாரம் இன்னொரு அடி விழுந்தது. எங்கள் டீமில் சாஃப்ட்வேரைச் சோதித்துப் பார்க்கும் பெண் ஒருத்தி இருந்தாள். இரண்டு வயதுக் குழந்தைக்குத் தாய். காலையில் எப்போதும் பத்து நிமிஷம் தாமதமாகத்தான் வருவாள். தோளில் பையோடு, மூச்சு வாங்க வட்டத்தின் ஓரத்தில் வந்து நிற்பாள். நானும் கடிகாரத்தை ஒரு பார்வை பார்ப்பேன். அவள் ராஜினாமாக் கடிதத்தோடு வந்து நின்றாள்.

"காப்பகமே எட்டே முக்காலுக்குத்தான் மேடம் திறக்கறாங்க. விட்டுட்டு எவ்வளவு ஓடி வந்தாலும் ஒன்பது அஞ்சு, ஒன்பது பத்து ஆயிடுது. சாயங்காலம் எத்தனை மணி வரைக்கும் வேணும்னாலும் இருந்தேன். ஆனா தினமும் காலையில இத்தனை பேர் முன்னாடி தலை குனிஞ்சு நிக்க முடியலை."

சுருக்கென்று தைத்தது எனக்கு. என் பெண் அந்த வயதில் இருந்தபோது நான் ஒரு நாளும் இப்படி ஓடியதில்லை. காரணம் என் சாமர்த்தியம் அல்ல, வீட்டில் என் அம்மா இருந்தாள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. என் பெண்ணுக்கு ஒன்றரை வயதில் நடந்த ஒரு சம்பவம் ஞாபகத்துக்கு வந்தது. ரசம் சாதம் பிசைந்து ஊட்டிக் கொண்டிருந்தேன். இரண்டு வாய் வாங்கிய குழந்தை மூன்றாவது வாய்க்குப் பல்லைக் கடித்துக்கொண்டு விட்டது. "பிடிவாதத்தைப் பாரேன்!" என்று கையைப் பிடித்து ஊட்டப் போனேன். அம்மா ஓடி வந்து கிண்ணத்தை வாங்கிக் கொண்டாள். "வாயைத் திறக்கலைன்னா பிடிவாதம்னா அர்த்தம்? முந்தின வாய் சுட்டிருக்கும்டி! ஆற வச்சுக் குடு" என்றாள்.

என் டீமுக்கு முந்தின வாய் எங்கே சுட்டது? நான் கேட்கவே இல்லையே!

மறுநாளிலிருந்து ஒவ்வொருவராகத் தனியே டீக்கடைக்கு அழைத்துப் போனேன். நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் போகவில்லை. "இந்த வேலையில் உங்களை ரொம்பப் படுத்துவது எது?" என்று மட்டும் கேட்டேன். மூத்தவர் இரண்டாவது டீயின்போதுதான் வாயைத் திறந்தார். சில வருஷங்களுக்கு முன், வேறொரு கம்பெனியில் இப்படித்தான் ஒரு புது முறை வந்ததாம். யார் எவ்வளவு செய்கிறார்கள் என்று சுவரில் படம் ஒட்டினார்களாம். ஆறு மாதத்தில், படத்தில் கீழே இருந்தவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். "உங்க படத்தைப் பார்த்ததும் எனக்கு அதுதான் மேடம் ஞாபகம் வந்துது" என்றார்.

முதல் வேலையாகச் சுவரில் இருந்த படத்தைக் கிழித்தேன். புள்ளிக் கணக்கை மேலிடத்துக்கு அனுப்புவதையும் நிறுத்தினேன். என் மேலதிகாரி லேசில் விடவில்லை. "டீம் எப்படிப் போகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். "இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் செய்து காட்டுகிறோமே, அதை வந்து பாருங்கள். மூன்று மாதம் அவகாசம் கொடுங்கள்" என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன். கொடுத்தார். ஆனால் அந்த வருஷம் என் வேலைக்குப் போட்ட மதிப்பீட்டில் ஒரு படி குறைந்துதான் போயிற்று. வருத்தமாகத்தான் இருந்தது.

காலைக் கூட்டத்தைப் பதினொன்றரை மணிக்கு மாற்றினோம். நான் நடுவில் நிற்பதை விட்டேன். அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளத்தானே அந்தக் கூட்டம்? மானேஜரிடம் ஒப்புவிப்பதற்கல்லவே! நான் மந்திரம் போல் கேட்டு வந்த அந்த மூன்று கேள்விகளையே, பின்னால் 2020-ல் வந்த இந்த முறையின் கையேட்டில் எடுத்துவிட்டார்கள் என்பது வேறு கதை.

அடுத்தது ரெட்ரோ. முதல் கூட்டங்களில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. என் டிபன் டப்பாவைக் கழுவித் துடைத்து வைத்து, "பெயர் போடாமல் எழுதிப் போடுங்கள்" என்றேன். முதல் சீட்டைப் பிரித்து உரக்கப் படித்தேன்: 'மேடம் கூட்டத்தில் போனைப் பார்க்காமல் இருந்தால் நன்றாக இருக்கும்.' ஒரு நிமிஷம் அறையே கப்சிப். நான்தான் முதலில் சிரித்தேன். போனை அணைத்து அதே டப்பாவில் போட்டு மூடினேன். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அதன் பிறகு சீட்டுகள் வந்து விழுந்தன!

எல்லாரும் வேலையை ஆரம்பித்து ஆரம்பித்து வைத்துவிட்டு, கடைசி இரண்டு நாளில் மொத்தத்தையும் சோதனைக்குத் தள்ளுகிறார்கள் என்று இரண்டு சீட்டு வந்தது. நாலு அடுப்பில் ஏழு பாத்திரம் ஏற்ற முடியுமா? ஜப்பானில் டொயோட்டா கார் தொழிற்சாலையில் தாயிச்சி ஓனோ என்பவர் கொண்டு வந்த 'கான்பான்' என்ற அட்டை முறையிலிருந்து இதற்கு ஒரு வழி கிடைத்தது. ஒரே சமயத்தில் நாலு வேலைக்கு மேல் கையில் எடுக்கக் கூடாது, ஒன்று முடிந்தால்தான் அடுத்தது என்று டீமே முடிவு செய்தது. நமட்டுச் சிரிப்பு இளைஞன், ராத்திரியில் கம்ப்யூட்டரே சோதித்துப் பார்த்துக் காலையில் பிழைகளைப் பட்டியல் போட்டுத் தருவதற்கு ஏற்பாடு செய்தான். இரண்டு வாரத்துக்கு ஒரு திருத்தம்தான் செய்தோம், அதற்கு மேல் இல்லை. குழந்தைக்குப் புது உணவு பழக்குகிற மாதிரிதான். ஒன்று ஒத்துக்கொண்ட பிறகுதானே அடுத்ததைக் கொடுப்போம்?

எல்லாம் சுபம் என்று சொல்ல மாட்டேன். ஒருவருக்கு இந்த முறை கடைசி வரை ஒத்துவரவில்லை, வேறு டீமுக்கு மாறிப் போனார். அந்தச் சோதனைக்காரப் பெண்ணும் கடிதத்தைத் திரும்ப வாங்கவில்லை. அதற்குள் வீட்டுக்குப் பக்கத்திலேயே அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. கூட்ட நேரத்தை மாற்றிவிட்டோம் என்று போன் பண்ணிச் சொன்னேன். "நல்லது மேடம். எனக்கப்புறம் வர்றவளாவது நிமிர்ந்து நிப்பா" என்றாள். அந்த வார்த்தையை நான் இன்றும் மறக்கவில்லை. முதல் நாளே கடிகாரத்தைப் பார்ப்பதற்குப் பதில் அவள் முகத்தைப் பார்த்திருக்கலாம்.

ஆனால் மறு வருஷம் ஒரு நாள் கூட்டத்தில் மூத்தவர் பேசினார்: "இந்தப் புது பகுதி எனக்குப் புரியலை. யாராவது கொஞ்சம் கூட உட்காருங்களேன்." பத்தொன்பது வருஷ அனுபவக்காரர் எல்லார் முன்னிலையிலும் 'எனக்குப் புரியலை' என்கிறார்! "நான் வர்றேன் சார்" என்று முதலில் போனது அந்த இளைஞன்தான். என் சர்டிபிகேட் தராத சந்தோஷத்தை அது தந்தது.

கொரோனா வந்து எல்லாரும் வீட்டுக்குள் அடைந்தபோது, குழந்தைகளின் ஆன்லைன் வகுப்புக்குத் தகுந்தாற்போல் டீமே கூட்ட நேரத்தை மாற்றிக் கொண்டது. என்னை யாரும் அனுமதி கேட்கவில்லை. அதைப் பார்த்து எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

என் வீட்டிலும் இப்போது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசுகிறோம். "ஏன் செய்யலை?" என்று நான் கேட்பதில்லை. "எது இடிக்குது?" என்றுதான் கேட்கிறேன். ஹோம் ஒர்க்கைத் தள்ளிப் போடும் பெண்ணும், பில் கட்ட மறக்கும் கணவரும் என்னென்ன சொல்கிறார்கள் என்கிறீர்கள்! நீங்களும் ஒரு வாரம் கேட்டுப் பாருங்கள்.

சொல்ல மறந்துவிட்டேனே. அம்மாவும் அந்த டப்பாவில் ஒரு சீட்டுப் போட்டிருந்தாள். 'சாப்பிடும்போதாவது உட்கார்ந்து சாப்பிடு.'