மருதத்துக்கு இறங்கினோம்

"தேனிலவு" என்பது நம் பாட்டிமார் அறியாத சொல். அவர்கள் காலத்து மணமக்கள் மறுவீடு போனார்கள். ஆடிக்கு அழைத்தால் சீர் வாங்கிக்கொண்டார்கள். உறவினர் வீடுதோறும் விருந்துண்டு, கடைசியில் சுக்குக் கஷாயம் குடித்து ஓய்ந்தார்கள். நாங்களோ நாற்பதைத் தாண்டிய பிறகு விவாகம் செய்துகொண்ட பள்ளி ஆசிரியர்கள். கோடை விடுமுறையில் சைக்கிளில் நீலகிரிக்குப் போகிறோம் என்றதும், "இந்த வயசில் தேனிலவா? அதுவும் சைக்கிளிலா?" என்று சுற்றத்தார் சிரித்த சிரிப்பு மேட்டுப்பாளையம் வரையில் எங்கள் காதில் ஒலித்துக்கொண்டே வந்தது.

ஏறிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். கல்லாறு தாண்டிக் குன்னூர் வரையில் கொண்டை ஊசி வளைவுகள் பதினான்கு. பாதி தூரம் நாங்கள் சைக்கிளை ஓட்டினோம்; மீதி தூரம் சைக்கிளைத் தள்ளினோம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1899-ல் குன்னூருக்கும் 1908-ல் உதகைக்கும் வந்து சேர்ந்த மலை ரயிலே இந்த ஏற்றத்தில் சாதாரணமாக ஏறுவதில்லை. தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த பல்சட்டத்தைப் பற்றிக்கொண்டுதான் ஏறுகிறது. அதன் எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கமே நிற்கும். ஏறும்போது பின்னிருந்து தள்ளும், இறங்கும்போது முன்னிருந்து தாங்கும். குடும்பத்துக்கும் அப்படி ஒருவர் வேண்டுமென்று எங்களுக்குத் தோன்றியது. அந்த ஒருவர் யார் என்பதில்தான் அபிப்பிராய பேதம்.

உதகையில் மூன்று நாள் தங்கிவிட்டுக் கோத்தகிரி வழியாகத் திரும்பினோம். 1819-ல் கோயமுத்தூர்க் கலெக்டராக இருந்த ஜான் ஸல்லிவன் முதலில் வந்து தங்கியது கோத்தகிரியை அடுத்த திம்பட்டியில்தான். உதகையில் அவர் வீடு கட்டியது அதன் பிறகே. அவர் மலையைக் "கண்டுபிடித்தார்" என்று புஸ்தகங்கள் எழுதுகின்றன. தோடரும் கோத்தரும் படகரும் அதற்கு வெகு காலம் முன்பிருந்தே அங்கே வாழ்ந்துகொண்டிருந்தார்கள். கோத்தகிரி என்ற பெயரே கோத்தரின் மலை என்பதுதான். இருக்கிற வீட்டைப் புதிதாகக் கண்டுபிடிப்பது எப்படி என்று எங்கள் பிள்ளைகள் வகுப்பில் கேட்டால், நாங்கள் என்ன பதில் சொல்வது?

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர். இறக்கமோ சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் உயரம். இறக்கம்தானே, சுகமாக உட்கார்ந்து வரலாம் என்று நேயர்கள் எண்ணக்கூடும். எங்களில் பௌதிகம் போதிப்பவர் மனைவி. புறப்படுவதற்கு முன் அவர் ஒரு கணக்குப் போட்டார். ஆளும் சைக்கிளும் மூட்டையுமாக நூறு கிலோ என்றால், அத்தனை உயரம் இறங்குகையில் வெளிப்படும் சக்தி நாலு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது! காற்று அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மீதியைப் பிரேக் வாங்கியாக வேண்டும். பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் சக்கரத்தின் விளிம்பு காய்ந்து ரப்பர்க் குழாய் வெடிக்கும். பிடிக்காமலே விட்டாலோ வளைவில் பள்ளத்தாக்கு. ஆகவே வளைவுக்கு முன் அழுத்திப் பிடி, வளைவு கழிந்ததும் விட்டுவிடு, சிறிது ஆற விடு. இதுவே விதி.

தமிழ் போதிப்பவர் கணவர். அவருக்கு வேறு கணக்கு. மலை குறிஞ்சி நிலம். அதற்குரிய ஒழுக்கம் புணர்தல். கீழே காடு முல்லை. அதற்குரியது இருத்தல், அதாவது பிரிவைப் பொறுத்துக் காத்திருத்தல். அதற்கும் கீழே வயல் சூழ்ந்த மருதம், அங்கே ஊடல். பண்டை இலக்கணம் வகுத்தவர்கள் எங்கள் பிரயாண மார்க்கத்தை முன்கூட்டியே அறிந்திருந்தார்கள் போலும்!

விளையாட்டாகச் சொன்னது குஞ்சப்பனை அருகே மெய்யாகிவிட்டது. பலா பழுக்கும் காலமாதலால் யானைக் கூட்டம் ஒன்று சாலையோரம் வந்து நின்றது. மோட்டார் வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. நாங்களும் சைக்கிள்களைச் சாய்த்துவிட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தோம். அந்த ஒரு மணி நேரத்தில்தான், ஐந்து நாளாக நாங்கள் சாமர்த்தியமாக விலக்கி வந்த பேச்சு வாயில் வந்தது. ஒருவருக்குக் கோயமுத்தூரில் பள்ளிக்கூடம், மற்றவருக்குத் தஞ்சாவூரில். விடுமுறை முடிந்தால் பிரிய வேண்டியதுதான். "பெண்தானே, வேலையை விட்டுவிட்டு வரட்டும்" என்பது பெரியவர்களின் தீர்ப்பு. பதினெட்டு வருஷம் பாடம் சொல்லித் தந்தவர் அடுப்படிக்கு மாத்திரம் போதுமென்று சொல்ல நமக்கென்ன உரிமை என்று கணவர் வாதித்தார்.

"நீங்கள் விட்டுவிட்டு வாருங்கள் என்று யாரும் சொல்லவில்லையே?" என்றார் மனைவி.

அதற்கு உடனே பதில் வரவில்லை. குட்டி யானை ஒன்று தாயின் கால்களுக்கிடையே நுழைந்து சாலையைக் கடந்தது. பிறகு நிதானமாகப் பேசி, ஒரு முடிவு செய்தோம். இருவரும் வேலையை விடுவதில்லை. இருவரும் இடமாறுதலுக்கு எழுதுவது. யாருக்கு முதலில் உத்தரவு வருகிறதோ அவர் மூட்டை கட்டுவது, அவர் கணவராகவே இருந்தாலும் சரி. அதுவரை ஒரு மாதம் அவர் இங்கே வருவார். மறு மாதம் இவர் அங்கே போவார். "விடாமல் பிடித்தாலும் கெடும், பிடிக்காமல் விட்டாலும் கெடும். அதே பிரேக் கணக்குத்தான்" என்றார் பௌதிக ஆசிரியை.

யானைகள் போயின. காற்றில் குளிர் போய் வெக்கை வந்தது. தேயிலை மறைந்து, பாக்குத் தோப்பும் வாழைத் தோட்டமும் எதிர்கொண்டன. பவானி ஆற்றைக் கண்டோம். மருதம் வந்துவிட்டதல்லவா, இலக்கணப்படி ஒரு சிறு சண்டையும் போட்டோம். மலையில் வாங்கிய யூகலிப்டஸ் தைலப் புட்டி யாருடைய மூட்டையில் போவது என்பது விஷயம். தஞ்சாவூருக்கே ஜயம்.

அன்றிரவு கோயமுத்தூர் ஸ்டேஷனில் மனைவியின் சைக்கிளையும் பார்சலில் சேர்த்து ரயிலேற்றினோம். "காவிரிக் கரையில் ஏற்றமுமில்லை, இறக்கமுமில்லை, ஒரே கியர் போதும். தினமும் பள்ளிக்கூடத்துக்கு இதிலேதான் போகப்போகிறேன்" என்றார் அவர். முதல் மாத முறை கணவருடையது. தஞ்சாவூரில் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்குமா என்று இப்போதே விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.