கால் போத்தலின் கணக்கு

அச்சம் மிகுந்த வேளையில் "ஈரக்குலை நடுங்கிற்று" என்று சொல்வது தமிழர் வழக்கு. இருபது ஆண்டுகளாக இம்மரபுத்தொடரை மாணவர்க்குக் கற்பித்து, வாக்கியத்தில் அமைத்துக் காட்டும்படி பணித்து, சிவப்பு மையாற் புள்ளியிட்டு வந்தவர் நாம். ஆயினும் அதன் பொருள் நமக்கு நாற்பத்தாறாவது வயதிலேதான் செவ்வையாக விளங்கிற்று.

சென்ற ஆண்டு ஒருநாட் காலை, பண்டாரவளைப் பக்கத்திலுள்ள நமது கல்லூரியில், சாதாரண தர வகுப்பினருக்குத் திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரத்தை விளக்கிக்கொண்டிருந்தோம். பாடம் நன்றாகவே அமைந்தது. மணி அடித்து மாணவர்கள் கலைந்த பின்னர், தோட்டத்திலிருந்து வரும் பையன் ஒருவன் தயங்கித் தயங்கி மேசையருகே வந்து நின்றான்.

"சேர், எத்தனை வருசம் குடிச்சா ஈரல் பழுதாகும்?"

"ஏன் கேட்கிறாய்?"

"எங்க அப்பாவுக்கு வயிறு வீங்கியிருக்கு சேர். கால்ல நீர் கட்டியிருக்கு. குடிச்சதாலதான்னு சொல்றாங்க. நேத்துப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாங்க."

"பிறகு சொல்கிறேன்" என்று கூறி அவனை அனுப்பிவிட்டோம். விடை தெரியாமையால் மட்டும் அவ்வாறு கூறவில்லை. அவன் கேட்ட அதே கேள்வியை, எட்டு மாதங்களாக இரவுதோறும் நாமே நம்மைக் கேட்டுக்கொண்டிருந்தோம். கள்ளுண்ணாமையை விளக்கிய ஆசிரியரின் வீட்டில், பழைய வினாத்தாட் கட்டுகளுக்குப் பின்னால், சாராயப் போத்தல் ஒன்று அன்றும் ஒளிந்திருந்தது.

நாம் பிறந்தது பூனாகலையில், ஒரு லயத்துக் காம்பராவில். தந்தையார் கவ்வாத்து வெட்டுவதில் வல்லவர். மலைச்சரிவில் மழையிலும் குளிரிலும் நின்று உழைத்த அவருக்குச் சம்பள நாள் மாலை தவறணையில் முடியும். உடல் நோவுக்கு மருந்து என்று தொடங்கியது நாளடைவில் மருந்தின்றித் தீராத நோவாயிற்று. அக்காலத் தோட்டத்து மக்கள் மகோதரம் என்று சொல்லும் நோயால், வயிறு பானைபோலப் பருத்து, கைகால்கள் குச்சியாய் மெலிந்து, அவர் இறந்தபோது நாம் பேராதனையில் இரண்டாம் வருட மாணவர். சிதைக்குத் தீ மூட்டிய கையால், இந்த நஞ்சைத் தொடுவதில்லை என்று மனத்துள் ஆணையிட்டோம்.

அந்த ஆணையை எவ்வாறு மீறினோம் என்பது சுவையான கதையன்று. மது நம்மிடம் தவறணையின் வழியாக வரவில்லை. நண்பர் வீட்டு வரவேற்பறை வழியாக, கண்ணாடிக் குவளையில், பனிக்கட்டியுடன் வந்தது. பட்டம் பெற்ற நாளில் ஒரு வாய். கல்யாண வீட்டில் இரண்டு. பிறகு வாரத்துக்கு ஒருமுறை. முப்பத்து நான்காவது வயதிலிருந்து இரவுதோறும் கால் போத்தல். தெருவில் விழுந்ததில்லை, பாடசாலைக்கு ஒருநாள் பிந்தியதில்லை, மனைவியை அதட்டியதில்லை. ஆகவே நாம் குடிகாரரல்லர் என்பது நமது உறுதியான கொள்கையாயிருந்தது. பௌர்ணமி நாளில் மதுக்கடைகள் மூடியிருக்குமே என்று முதல் நாளே இரண்டாக வாங்கி வைக்கும் முன்யோசனைகூட அக்கொள்கையை அசைக்கவில்லை!

நம் தந்தையாரின் குடியை ஊரே கண்டது. நம் குடியை ஊர் காணவில்லை. இருவருக்குமிடையே இருந்த வேறுபாடு அவ்வளவே. தோட்டத் தொழிலாளி குடித்தால் அது ஒழுக்கக்கேடு; படித்தவன் கதவைச் சாத்திக்கொண்டு குடித்தால் அது ஓய்வு. ஈரலோ இந்த வேற்றுமையை அறியாது. அது பட்டச் சான்றிதழைப் படித்துப் பார்ப்பதில்லை.

வலப்பக்க விலாவின்கீழ் ஒரு கனம் முதலில் தோன்றிற்று. பேருந்திலிருந்து இறங்கி வீட்டுக்கு ஏறும் படிகள் வழக்கத்திலும் அதிகமாயின போன்ற களைப்பு. அன்று தொடங்கிற்று கண்ணாடி முன் தவம். விடிந்ததும் கீழிமையை இழுத்து, விழியில் மஞ்சள் ஏறியிருக்கிறதா என்று பார்ப்போம். மின்விளக்கில் ஒருமுறை, சன்னலருகே பகல் வெளிச்சத்தில் ஒருமுறை. நள்ளிரவில் கைத்தொலைபேசியில் நோய்க்குறிகளைத் தேடிப் படிப்போம். படிக்கப் படிக்க நடுக்கம் மிகும். நடுக்கம் தீர என்ன செய்தோம் என்று கேட்கிறீர்களா? வினாத்தாட் கட்டை விலக்கினோம். அச்சத்தை உண்டாக்கிய பொருளையே அச்சத்துக்கு மருந்தாகவும் கொண்டோம்.

வைத்தியரிடம் மட்டும் போகவில்லை. பரிசோதித்தால் உண்மை தெரிந்துவிடுமே!

இவ்விடத்தில் நம் ஊர் மலையைப் பற்றி ஒரு வார்த்தை. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில், நமக்கு அண்மையிலுள்ள கொஸ்லந்தை மீரியாபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. உயிர் பிழைத்தோர் பலர் பூனாகலையிலும் கொஸ்லந்தையிலுமுள்ள பாடசாலைகளிலே தஞ்சம் புகுந்தனர். அந்த மலை ஆபத்தானது என்ற எச்சரிக்கை பல ஆண்டுகளுக்கு முன்னரே விடப்பட்டிருந்தது. 2023ஆம் ஆண்டு மார்ச் மாதம் பூனாகலை கபரகலையிலும் மண் சரிந்தது. மலைச்சரிவில் வாழும் நாம் ஒன்றை நன்கறிவோம்: மண் ஒரு நாளிலே சரிவதில்லை. நிலத்திலே வெடிப்பு ஓடும், மரம் சாயும், ஊற்று நீர் கலங்கும். எச்சரிக்கை இருந்தும் மீரியாபெத்தை மக்கள் அங்கேயே இருந்தார்களென்றால், ஏழைகளுக்கு எளிதிலே போய்க் குடியேற வேறு இடமில்லை. நமக்கோ, ஒரு பேருந்துப் பயணத் தூரத்தில் வைத்தியர் இருந்தார். அவர்கள் வழியின்றி இருந்தார்கள்; நாம் வழியிருந்தும் இருந்தோம்.

பையன் கேள்வி கேட்ட அன்றிரவு குடிக்கவில்லை. காகிதமும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் போட்டோம். கால் போத்தல் என்பது 180 மில்லிலீற்றர். பல சாராயப் போத்தல்களில் மதுசாரம் 33.5 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். ஆகவே ஓரிரவில் உட்செல்வது ஏறத்தாழ 60 மில்லிலீற்றர் தூய மதுசாரம். பிரித்தானிய மருத்துவ அதிகாரிகள் 2016இல் வெளியிட்ட அறிவுரையில், வாரத்துக்கு 14 அலகுக்கு மேற்பட வேண்டாம் என்றனர். ஓர் அலகு 10 மில்லிலீற்றர். நமது வாரக் கணக்கு 42 அலகு, அதாவது மும்மடங்கு. உலக சுகாதார நிறுவனமோ 2023இல், உடல்நலத்துக்குத் தீங்கற்ற அளவு என்று எதனையும் கூறவியலாது என்றே அறிவித்துவிட்டது. பன்னிரண்டு ஆண்டுக்குக் கூட்டிப் பார்த்தோம்: ஏறத்தாழ 788 லீற்றர் சாராயம். தெருவோரத்தில் நிற்கும் 200 லீற்றர்த் தார்ப் பீப்பாய்கள் நான்கினை நிறைக்குமளவு. ஒரு நாளைக்குக் "கொஞ்சம்" என்ற நமது கொள்கை, பீப்பாய்களின் எதிரே நிற்கமாட்டாமல் ஓடிற்று.

அப்போதுதான் மனைவி எழுந்து வந்தாள். காகிதத்தைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. சற்றுப் பொறுத்து, "என்னங்க, பயந்துக்கிட்டே குடிக்கிறீங்க, குடிச்சுக்கிட்டே பயப்படுறீங்க. ஒண்ணையாவது நிறுத்துங்க" என்றாள். பன்னிரண்டு ஆண்டுகளாக அவள் அறியாள் என்று நாம் எண்ணியிருந்த இரகசியத்தை, அவள் பன்னிரண்டு ஆண்டுகளாகவே அறிந்திருந்தாள்.

மறுவாரம் இருவருமாக வைத்தியரிடம் சென்றோம். "எவ்வளவு குடிப்பீங்க மாஸ்டர்?" என்றார். "இடைக்கிடை, கொஞ்சம்" என்றோம், நாக்கூசாமல். "நாளைக்குக் கால் போத்தல் டொக்டர், பன்னிரண்டு வருசமா" என்றாள் மனைவி. வைத்தியர் சிரிக்கவுமில்லை, கடியவுமில்லை. "சரியான அளவு தெரிஞ்சாத்தான் சரியான மருத்துவம் செய்யலாம்" என்றார்.

அவர் விளக்கியவற்றை வாசகர் பயன் கருதிச் சுருக்கித் தருகிறோம். ஈரல் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ளது. அதன் உட்பகுதிக்கு வலி தெரியாது. ஆகையால் நெடுநாள் வாய் திறவாமலே கெடும். மதுசாரத்தை உடைக்கையில் நச்சுப்பொருளொன்று உண்டாகி ஈரலணுக்களை வருத்தும். முதலில் ஈரலிற் கொழுப்புப் படியும். மிகுதியாகக் குடிப்போர் அநேகமாக எல்லோருக்கும் இது நேரும். சிலருக்கு அழற்சி. இறுதியில் தழும்புகள் ஓடி ஈரல் இறுகிச் சுருங்கும். இந்நிலையை நெடுநாட் குடிப்போரில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேர் அடைவர். இச்சுருக்க நோய்க்கு இன்று மருத்துவ உலகில் வழங்கும் 'சிரோசிஸ்' என்ற பெயரை 1819இல் இட்டவர் லெனெக் என்னும் பிரெஞ்சு வைத்தியர்; நோயுற்ற ஈரலின் மஞ்சட் பழுப்பு நிறங்கண்டு, கிரேக்கச் சொல்லிலிருந்து அமைத்தார். உருதுச் சிறுகதை மன்னர் சாதத் ஹசன் மண்ட்டோ 1955 ஜனவரியில் லாகூரில் இந்நோயால் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 42. நம்மிலும் நான்கு வயது இளையவர். மேதைமைக்கும் ஈரல் சலுகை காட்டவில்லை.

கொழுப்புப் படிந்த நிலையில் மதுவை அடியோடு விட்டால், சில வாரங்களிலேயே ஈரல் தேறத் தொடங்கும். தழும்பு ஏறிவிட்டால் முழுவதும் மீளாது. ஆனாலும் அப்போது நிறுத்துபவரும் ஆயுளைக் கூட்டிக்கொள்கின்றனர். இரத்தப் பரிசோதனை சீராயிருப்பதால் மட்டும் ஈரல் சீரென்று துணிய முடியாது. ஸ்கேனும் வேண்டும், ஐயமிருந்தால் ஈரலின் இறுக்கத்தை அளக்கும் பரிசோதனையும் வேண்டும். கீழாநெல்லி குடித்துக்கொண்டே சாராயமும் குடிக்கலாமென்பது தன்னைத்தானே ஏமாற்றுவது. யாவற்றிலும் முக்கியமானது இது: நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் வீரங்கொண்டு ஒரே நாளில் நிறுத்தலாகாது. கைந்நடுக்கம், வலிப்பு, புத்தி தடுமாற்றம் முதலியன இரண்டு மூன்று நாளில் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வைத்தியரின் துணையுடனேயே நிறுத்தவேண்டும்.

முடிவு வருவதற்கு நான்கு நாள்கள் சென்றன. அந்த நான்கு நாள்களில், பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளை இனி அதட்டுவதில்லை என்று தீர்மானித்தோம். 40 அளவில் இருக்கவேண்டிய ஏ.எஸ்.டி. 118, ஏ.எல்.டி. 54. முன்னையது பின்னையதிலும் இருமடங்குக்கு மேலாக இருப்பது மதுவின் கைவரிசையாகலாம் என்றார் வைத்தியர். ஸ்கேனில் ஈரல் சற்றுப் பருத்துக் கொழுப்பேறியிருந்தது. தழும்புக்கான அடையாளம் தென்படவில்லை.

"அப்படியானால் தப்பினோமா டொக்டர்?"

"இன்றைக்குத் தப்பினீங்க மாஸ்டர். நாளைக்கு உங்க கையில."

ஒரு வாரத்துக்கு மாத்திரைகளும், உயிர்ச்சத்து பி1உம் தந்தார். முதல் மூன்று இரவுகள் உறக்கமின்றி வியர்த்துக் கிடந்தோம். மனைவி அருகில் அமர்ந்திருந்தாள். வினாத்தாட் கட்டுகளையும் அவளே அடுக்கி மாற்றினாள். மூன்று மாதஞ் சென்று பார்த்தபோது ஏ.எஸ்.டி. 34க்கு இறங்கியிருந்தது. இதை எழுதும் இன்று பத்து மாதமும் சில நாளும் ஆகின்றன. வென்றுவிட்டோம் என்று சொல்லமாட்டோம். மாலை ஆறு மணிக்கு நாக்கு இன்னும் பழைய நேரத்தை நினைக்கிறது. கண்ணாடி முன் நின்று கீழிமையை இழுத்துப் பார்க்கும் வழக்கமும் முற்றும் போகவில்லை.

அந்தப் பையனிடம் "பிறகு சொல்கிறேன்" என்றோமல்லவா? சொன்னோம். மரத்தடியில் அழைத்து இருத்தி, நம் தந்தையார் இறந்த விதத்தைச் சொன்னோம். பின்பு நம்முடைய கதையையும் சொன்னோம். சொல்லும்போது முகம் எரிந்தது. மாணவனிடம் மரியாதை போய்விடுமோ என்று அஞ்சினோம்.

"எத்தனை வருடம் என்று யாராலும் சொல்லமுடியாது தம்பி. ஆளுக்கு ஆள் வேறுபடும். எந்த நாள் நிறுத்தலாம் என்றால் மட்டும் சொல்லலாம், அது இன்றைய நாள்" என்றோம்.

அவன் சிறிதுநேரம் பேசாதிருந்தான். பிறகு, "அப்பாக்கிட்ட நீங்க வந்து சொல்வீங்களா சேர்? வேற ஆளுங்க சொன்னா திட்டுறாங்கன்னு நினைக்கிறாரு" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை சென்றோம். அவர் நம்மிலும் இரண்டு வயது இளையவர். பார்வைக்கு நம் தந்தையார் போலிருந்தார். பட்டதாரி ஆசிரியராகப் பேசவில்லை. வினாத்தாட் கட்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்தவனாகப் பேசினோம். அவர் குடியை விட்டு ஏழு மாதமாகிறது. வயிற்று நீருக்கு மருந்து உண்கிறார், உப்பைக் குறைத்திருக்கிறார், பதுளை கிளினிக்குக்குத் தவறாது போய்வருகிறார். முழுக்கக் குணமாகும் என்று வைத்தியர்கள் வாக்களிக்கவில்லை. மகனின் பரீட்சை முடிவைக் காணவேண்டும் என்பது அவருடைய ஆசை.

வாசக அன்பர்களே, உங்கள் வீட்டு அலுமாரியிலும் ஒரு கட்டுக்குப் பின்னால் ஏதேனும் ஒளிந்திருந்தால், பென்சிலையெடுத்து ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். ஈரக்குலை நடுங்கினால் நடுங்கட்டும். வாயில்லாத அவ்வுறுப்பின் சார்பில் நம்மிடம் முறையிடுவது அந்த நடுக்கம் ஒன்றே. அதைச் சாராயம் ஊற்றி அடக்காமல், கையைப் பிடித்து வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். அரசினர் வைத்தியசாலையிற் பணமும் கேட்கமாட்டார்கள்.