மூச்சுக்கும் மொழி உண்டு

1895ஆம் ஆண்டு நவம்பரில் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் ராண்ட்ஜன் என்னும் அறிஞர் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். அடுத்த மாதமே தம் மனைவியின் கையைப் படமெடுத்தார். விரலெலும்புகளும் மோதிரமும் அதில் தெளிவாகத் தெரிந்தன. எலும்புக்கு மொழியேது? இக்கலையை எந்த ஊரில் கற்றால்தான் என்ன? என் தங்கை மகள் திருநெல்வேலியிலிருந்து எக்ஸ்ரே, ஸ்கேன் தொழில்நுட்பம் பயிலச் சண்டிகருக்கு வந்தபோது எங்கள் குடும்பத்தார் அனைவரும் அவ்வாறே எண்ணினர்.

பாடங்கள் ஆங்கிலத்தில் இருந்தமையால் இயற்பியலும் உடற்கூற்றியலும் அவளுக்கு இடர் தரவில்லை. மருத்துவமனையில் நோயாளிகளின் முன் நின்றபோதுதான் நா எழவில்லை. அங்கு வருவோர் பஞ்சாப், ஹரியானா, இமாசலக் கிராமத்து மக்கள்; அவளுக்குத் தெரிந்ததோ பள்ளியில் கற்ற சிறிதளவு இந்தி.

நெஞ்சுப் படம் எடுக்கையில் நோயாளி மூச்சை ஆழ இழுத்து, அசையாது நிறுத்தல் வேண்டும். அப்போது உதரவிதானம் கீழிறங்கும். நுரையீரல் காற்றால் நிறைந்து படத்தில் கருமையாக விரியும். மூச்சு போதாவிடில் நுரையீரலின் அடிப்பாகம் மங்கும். இதயம் உள்ளதினும் பெரிதாகத் தோன்றும். நலமாயிருப்பவரும் நோயாளிபோல் காணப்படக்கூடும். மீண்டும் படமெடுத்தாலோ, மீண்டும் கதிர்வீச்சு.

ஒரு ஞாயிறன்று எங்கள் வீட்டுக்கு வந்தவள், பிசைந்த சோற்றை உண்ணாமலே அமர்ந்திருந்தாள்.

"மாமா, ஒரு பாட்டியிடம் பாதி இந்தியிலும் பாதி சைகையிலுமாகச் சொன்னேன். அவர் மூச்சை வெளியே விட்டுவிட்டு நின்றார். படம் கெட்டது. டெக்னீஷியன் வந்து பஞ்சாபியில் இரண்டே சொற்கள் சொன்னார். உடனே சரியாக நின்றார். என்னால்தானே அவருக்கு இரண்டாம் முறை கதிர் பட்டது? நான் ஊருக்கே போய்விடுகிறேன்."

நான் சொல் தேடிக்கொண்டிருக்கையில், என் மனைவி அவளைக் கைப்பிடித்துக் கீழ்வீட்டுப் பஞ்சாபி மூதாட்டியிடம் அழைத்துச் சென்றாள். "லம்பா ஸாஹ் லோ", பிறகு "ரோக்கோ" என்று அவர் சொல்லிக்கொடுத்தார். பஞ்சாபியில் குரலின் ஏற்ற இறக்கத்தாலும் பொருள் மாறும். ஆதலால், சொல் வந்த பின்னும் குரல் படியும் வரை விடவில்லை.

அதனினும் அரியது வேறொரு கேள்வி. கருவிலுள்ள சிசுவைக் கதிர்வீச்சு தாக்கலாகாது. எனவே படமெடுக்குமுன் பெண்களிடம் கருவுற்றிருக்கிறார்களா என்று கேட்டாக வேண்டும். மாமியார் அருகே நிற்க, புதுமணப்பெண்ணிடம் அதை எவ்வாறு கேட்பது? மாமியாரைச் சற்றே வெளியில் இருக்கச் செய்து, தாழ்ந்த குரலில், மகளே என்று அழைத்துக் கேட்கும் முறையையும் அம்மூதாட்டியே கற்பித்தார். எந்தப் பாடநூலிலும் அதனை நான் கண்டதில்லை.

ஊருக்குப் போகும் பேச்சு அதன்பின் எழவில்லை. இப்போது அவள் இறுதியாண்டு மாணவி. படிப்பு முடிந்ததும் திருநெல்வேலியிலேயே பணி தேட விரும்புகிறாள். "அப்படியானால் இங்கே கற்ற மொழி வீண்தானே?" என்று அண்மையில் கேட்டேன்.

"வீணாகாது மாமா. நம் ஊர்க் கட்டட வேலைக்கு வடக்கிலிருந்து எத்தனை பேர் வருகிறார்கள்! அவர்களுக்கும் நெஞ்சு வலிக்குமே" என்றாள்.