மதுரை போனால் ரேஸ்கோர்ஸையும் பாருங்கள்!

மதுரைக்குப் போகிறவர்களின் பட்டியல் பெரும்பாலும் ஒன்றுதான். மீனாட்சியம்மன் கோயில், நாயக்கர் மகால், அழகர்கோவில், கடைசியில் ஒரு ஜிகர்தண்டா. வீட்டில் விளையாட்டுப் பைத்தியம் பிடித்த பிள்ளையோ, அப்பாவோ இருந்தால் இன்னோர் இடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வைகைப் பாலத்தைக் கடந்து தமுக்கம், தல்லாகுளம் பக்கம் வந்து ‘ரேஸ்கோர்ஸ்’ எங்கே என்று கேளுங்கள். யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். டாக்டர் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கம் என்பது முறையான பெயர். ஊர்க்காரர்களுக்கு அது ரேஸ்கோர்ஸ்தான்.

இங்கே பயிற்சி எடுத்துத்தான் டோக்கியோ ஒலிம்பிக் வரை போனார் ரேவதி வீரமணி.

நகருக்குக் கிழக்கே உள்ள சக்கிமங்கலம் அவர் ஊர். சின்ன வயதிலேயே அப்பா, அம்மா இருவரும் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். ரேவதியையும் தங்கையையும் வளர்த்தது அம்மாவைப் பெற்ற பாட்டி. வயலிலும் செங்கல் சூளையிலும் கூலி வேலை பார்த்துப் படிக்கவைத்தார். பள்ளிப் போட்டி ஒன்றில் வெறுங்காலோடு ஓடிய ரேவதியைக் கவனித்தவர் பயிற்சியாளர் கண்ணன். பயிற்சிக்கு அனுப்பப் பாட்டி முதலில் சம்மதிக்கவில்லை. பொம்பளைப் பிள்ளையை ஓட விடுவதா என்று அக்கம்பக்கத்திலும் பேச்சு. கண்ணன் விடவில்லை. பாட்டியிடம் பேசிச் சம்மதம் வாங்கினார். லேடி டோக் கல்லூரியில் இடமும் கிடைத்தது. கல்லூரி, ரேஸ்கோர்ஸ், பிறகு தேசிய முகாம், தெற்கு ரயில்வேயில் வேலை என்று ரேவதியின் வாழ்க்கை நகர்ந்தது. 2021 ஜூலையில் பாட்டியாலாவில் நடந்த 400 மீட்டர் தகுதி ஓட்டத்தில் 53.55 விநாடிகளில் முதலிடம். டோக்கியோவுக்கு டிக்கெட் உறுதியானது.

ஆணும் பெண்ணும் சேர்ந்து ஓடும் 4x400 மீட்டர் தொடர் ஓட்டம் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது அந்த முறைதான். இந்திய அணியின் நால்வரில் மூவர் தமிழ்நாட்டுக்காரர்கள்: ரேவதி, சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவ். நான்காமவர் கேரளத்தின் முகமது அனாஸ். முதல் சுற்றில் 3 நிமிடம் 19.93 விநாடி. எட்டாவது இடம். இறுதிச் சுற்றுக்குப் போக முடியவில்லை.

பதக்கத்தை மட்டும் பார்க்கும் ரசிகர், கதை இங்கே முடிந்தது என்று டிவியை அணைத்துவிடுவார். ஆனால் சக்கிமங்கலத்திலிருந்து அந்த எட்டாவது இடம் எவ்வளவு தூரம் என்று மதுரைக்காரர்களுக்குத் தெரியும். பயிற்சிக்கு அனுப்பலாமா என்று தயங்கும் வீடுகளில், ‘அந்தப் பாட்டி அனுப்பவில்லையா?’ என்று கேட்க இப்போது ஓர் உதாரணம் இருக்கிறது.

இன்னோர் உதாரணமும் இதே ஊரில் இருக்கிறது. பிறவியிலேயே காது கேளாத பேட்மின்டன் வீராங்கனை ஜெர்லின் அனிகா, மாநகராட்சிப் பள்ளியில் படித்தவர். 2022 மே மாதம் பிரேசிலில் நடந்த காது கேளாதோர் ஒலிம்பிக்கில் ஒற்றையர், கலப்பு இரட்டையர், அணிப் பிரிவு என மூன்று தங்கம் வென்றார். காது கேட்கும் கருவியைக் கழற்றிவைத்துவிட்டுத்தான் ஆட வேண்டும் என்பது அந்தப் போட்டியின் விதி. ராக்கெட்டில் பந்து படும் சத்தம்கூடத் துணைக்கு இல்லை, கண்தான் எல்லாம். அதே ஆண்டு அர்ஜுனா விருதும் அவரைத் தேடி வந்தது.

ரேஸ்கோர்ஸுக்கு உலகமே வந்துபோனதும் உண்டு. 2025 நவம்பர், டிசம்பரில் 24 நாடுகள் ஆடிய ஆண்கள் ஜூனியர் ஹாக்கி உலகக் கோப்பையைச் சென்னையோடு சேர்ந்து நடத்தியது மதுரை. அதற்கான புது ஹாக்கி மைதானமும் இங்கேதான் இருக்கிறது.

போகிறவர்கள் விடிகாலையிலோ, வெயில் தாழ்ந்த மாலையிலோ போங்கள். நடுப்பகல் மதுரை வெயில் யாரையும் விடாது! பயிற்சி நடக்கும்போது ஓடுபாதையில் இறங்காமல் ஓரமாக நின்று பாருங்கள். பிள்ளைகளிடம் ஒரு சுற்றைக் காட்டி, இதுதான் 400 மீட்டர் என்று சொல்லுங்கள். டிவியில் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் ஓட்டம், நேரில் எவ்வளவு நீளம் என்று அவர்களுக்கே புரியும். ஓடிப்பார்க்க ஆசைப்பட்டால், அங்குள்ள பயிற்சியாளரிடம் கேட்டுப் பாருங்கள். ஜிகர்தண்டாவை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.