விடிலிக்குள் ஒரு கேமரா

திருநெல்வேலி ஜங்ஷனை ஒட்டிய தெருவில், ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் அந்த அறை. ஒரு பக்கச் சுவர் முழுக்க மஞ்சள் சீட்டுகள். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, கோவில்பட்டி கடலைமிட்டாய், சாத்தூர் சேவு, தூத்துக்குடி மக்ரூன், திருநெல்வேலி அல்வா, உடன்குடி கருப்பட்டி என்று சீட்டுக்கு ஒரு பண்டம். தென்மாவட்டத் தின்பண்டங்களைப் பற்றி யூடியூபில் ஒரு தொடர் எடுக்கப்போகிறவர்கள் அங்கே இருந்தார்கள். மொத்தம் மூன்று பேர்: முன்னால் நின்று பேசுகிற தம்பி, கேமரா பிடிக்கிற பெண், வெட்டி ஒட்டுகிற எடிட்டர். தொடர் வெளிவரும்வரை பெயர் போட வேண்டாம் என்றார்கள். போடவில்லை.

கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து “வணக்கம் மக்களே” என்றால் வ்லாக் ஆகிவிடும் என்று ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது. நான் போயிருந்த அன்று பொழுது சாயும்வரை யாரும் கேமராவைப் பையிலிருந்தே எடுக்கவில்லை. பேச்சு முழுக்க வரிசையைப் பற்றித்தான். எது முதலில், எது பிறகு, எது வேண்டவே வேண்டாம்.

தம்பிக்கு அல்வாவில் தொடங்க ஆசை. எல்லோருக்கும் தெரிந்த பண்டம், தட்டியவுடன் பார்ப்பார்கள் என்பது அவர் கணக்கு. கேமராப் பெண் ஒப்பவில்லை. “நெல்லையப்பர் கோயில் முன்னால சாயங்காலம் கூடுற அல்வாக் கூட்டத்த எடுக்காத போன் உண்டுமா? நாம புதுசா என்னத்தக் காட்ட?” என்றார். எடிட்டர் இரண்டு பேரையும் விட்டுவிட்டு நாட்காட்டியை எடுத்து வைத்தார். பால்கோவாவும் கடலைமிட்டாயும் வருஷம் முழுக்க நடக்கிற வேலை. கருப்பட்டி அப்படியல்ல. பனை பதநீர் விடுகிற மாதங்களை விட்டால் அடுத்த வருஷம்தான். ஆகவே படப்பிடிப்பு உடன்குடியில் தொடங்கும். வெளியிடும் வரிசை வேறு, எடுக்கும் வரிசை வேறு என்பதை இவர்கள் ஆரம்பத்திலேயே பிரித்து வைத்துவிடுகிறார்கள்.

அடுத்த கேள்வி, இவை எல்லாவற்றையும் கோக்கிற நூல் எது என்பது. தின்பண்டம் என்பது மட்டும் போதாது. அது வெறும் பட்டியல். ஒன்றைப் பார்த்தவர் அடுத்ததைத் தேடி வர அதில் காரணமே இல்லை. வெகுநேரப் பேச்சுக்குப் பிறகு ‘இனிப்பு எங்கிருந்து வருகிறது’ என்பதைப் பிடித்தார்கள். பால்கோவாவில் சீனி, கடலைமிட்டாயில் வெல்லப்பாகு, மக்ரூனில் முந்திரிப்பருப்போடும் முட்டையின் வெள்ளைக்கருவோடும் சேர்கிற சீனி, அல்வாவில் கோதுமைப் பாலும் நெய்யும் சீனியும், கருப்பட்டியில் பனையேதான். ஒவ்வொரு பகுதியும் ஒரு கேள்வியை மிச்சம் வைத்துவிட்டுப் போகும், அடுத்த பகுதி அதை எடுத்துக்கொள்ளும். நூல் கிடைத்ததும் முதலில் கழன்றது சேவுச் சீட்டு. காரத்துக்கு இதில் இடமில்லை. சாத்தூர்க்காரர் யாராவது அங்கே இருந்திருந்தால் சண்டைக்கு வந்திருப்பார்.

சீட்டுகளைத் திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொன்றின் பின்னாலும் நான்கு வரி: யார் கை, அந்தக் கை என்ன செய்கிறது, எதை இரண்டாம் முறை எடுக்க முடியாது, கூகுளில் கிடைக்காத ஒரு கேள்வி. மூன்றாவது வரிதான் என்னை நிறுத்தியது. கடலைமிட்டாய்ச் சீட்டில் ‘பாகில் கடலை விழும் நேரம்’ என்று இருந்தது. கருப்பட்டிச் சீட்டில் ‘மரம் ஏறுவது, பதம்’ என்று இருந்தது. வசனம் என்று ஒரு வரிகூட யாரும் எழுதி வைக்கவில்லை.

இந்தத் தொழிலின் கணக்குவழக்கை எடிட்டர்தான் சொன்னார். ஆயிரம் சந்தாதாரர், பன்னிரண்டு மாதத்தில் 4,000 மணிநேரப் பார்வை என்ற வாசலைத் தாண்டினால் விளம்பர வருமானம். நீள வீடியோவில் ஓடும் விளம்பர வருவாயில் 55 சதவீதம் எடுத்தவருக்கு வரும். எட்டு நிமிடம் தாண்டிய வீடியோவுக்கு நடுவிலும் விளம்பரம் வைக்கலாம். 2020-இன் நடுவரை அது பத்து நிமிடமாக இருந்தது. அந்தக் காலத்து வீடியோக்கள் பல, பத்து நிமிடமும் சில விநாடியுமாக இழுத்துப்பிடித்து முடிவதன் ரகசியம் இதுதான். சொல்ல விஷயமில்லாமல் நீட்டிய நிமிடங்கள் எத்தனையோ! பத்திரிகையில் பக்கம் நிரப்பிய எனக்கு இதைக் கேட்டுச் சிரிக்க உரிமையில்லை என்பது வேறு விஷயம்.

முந்தைய தொடர் ஒன்றின் வரைபடத்தையும் காட்டினார். வீடியோவின் எந்த விநாடியில் எத்தனை பேர் மிஞ்சியிருந்தார்கள் என்று கோடு சொல்கிறது. முதல் முப்பது விநாடிக்குள் கோடு சரிகிறது. வணக்கம், சேனல் பெயர், சந்தா கோரிக்கை, இசை என்று அந்த முப்பதும் கழிந்திருக்கிறது. அப்புறம் ஓரளவு நிலையாக ஓடி, தம்பி ஊர் வரலாறு சொல்லத் தொடங்கிய இடத்தில் மறுபடி பள்ளம். “வரலாறு வேண்டாம்னு ஜனங்க சொல்லல. கை வேலை பார்த்துட்டு இருக்கும்போது பேச்ச விட்டோம், அதான்” என்றார் எடிட்டர். புவிசார் குறியீடு கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-இல் கிடைத்தது, உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023-இல் கிடைத்தது போன்ற செய்திகள் இனிமேல் வாய்ப்பேச்சாக வராது, வேலை நடக்கும்போது எழுத்தாக ஓடும் என்று அன்றே முடிவானது.

பேச்சு மற்றச் சேனல்கள் பக்கமும் போனது. புதுக்கோட்டைச் சீமையின் சின்ன வீரமங்கலத்திலிருந்து வந்த வில்லேஜ் குக்கிங் சேனல் 2021-இல் ஒரு கோடி சந்தாதாரரைத் தொட்டது. வயல்வெளியில் தாத்தாவும் பேரன்களும் சமைக்கும் அந்தச் சேனலைப் பார்த்து எத்தனையோ பேர் அண்டாவோடு தோப்புக்குக் கிளம்பினார்கள். பலர் திரும்பிவிட்டார்கள். அண்டாவை யாரும் பார்த்து எழுதிவிடலாம். ஐந்தாறு பேர் ஒருவருக்கொருவர் வேலை சொல்லிக்கொள்ளாமலே வேலை செய்கிற அந்தப் பழக்கத்தை எழுத முடியாது என்பது கேமராப் பெண்ணின் கட்சி. நானும் அந்தக் கட்சிதான்.

உடன்குடிக்கு முதலில் கேமரா இல்லாமல் போய்வந்தார்கள். கருப்பட்டி காய்ச்சும் விடிலியில் உட்கார்ந்து பதநீர் குடித்து, பனையேறுகிறவர் எந்த மரத்தில் எப்போது ஏறுவார், வெயில் எந்தப் பக்கம் விழும், அடுப்பு எப்போது எரியும் என்று குறித்துக்கொண்டு திரும்பினார்கள். இரண்டாம் முறை கேமராவோடு கிளம்பியபோது நானும் ஒட்டிக்கொண்டேன்.

விடியலுக்கு முன்பே தோப்பில் இருந்தோம். காலடியில் தேரிக்காட்டுச் செம்மண். பனையேறும் அண்ணாச்சி வந்தார். இடுப்பில் பாளை அரிவாள், காலுக்குத் தளைநார். அவரது நெஞ்சில் சின்னக் கேமரா ஒன்றைக் கட்டிவிடலாம், ஏறுவது அவர் கண்ணாலேயே தெரியும் என்பது தம்பியின் யோசனை. அண்ணாச்சி அந்தக் கேமராவைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மரத்த நெஞ்சோட அணைச்சுல்லா ஏறணும். இதக் கட்டுனா ஒண்ணு இது ஒடையும், இல்ல நான் விழுவேன்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பேச்சு அதோடு முடிந்தது.

கேமராப் பெண்ணுக்கு ஒரு சட்டம் உண்டு: இன்னொரு தடவை ஏறுங்கள் என்று யாரிடமும் கேட்கக் கூடாது. அறுபது, எழுபது அடி உயரத்தில் கை தவறினால் உயிர் மிஞ்சாது. ஒரு நாளில் காலையும் மாலையும் மரம் மரமாக ஏறி இறங்குகிறவரைப் படத்துக்காக ஒரு முறை கூடுதலாக ஏற்றுவது அவர் அகராதியில் இல்லை. அதனால் ஒரு கைப்பேசியை மரத்தடியில் நிறுத்தி ஓடவிட்டார். தன் கேமராவோடு எதிர்மரத்துப் பக்கம் தள்ளி நின்றார். ஒன்று தவறினால் மற்றொன்று. அண்ணாச்சி ஏறினார், மேலே பாளையைச் சீவினார், சுண்ணாம்பு தடவிய கலயத்தை மாற்றிக் கட்டினார், நிறைந்ததை இறக்கினார். கலயத்தில் சுண்ணாம்பு தடவாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். இறங்கி வந்தவர் அடுத்த மரத்துக்குப் போய்விட்டார். கேமராவுக்காக ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை.

பேச்சைப் பதிவு செய்வதுதான் அங்கே பெரிய பாடு. பனந்தோப்பில் காற்று ஓய்வதே கிடையாது, ஓலைகள் சதா சலசலக்கும். சட்டையில் குத்துகிற மைக்குக்குப் பஞ்சுக் குல்லா போட்டும் இரைச்சல் வந்தது. அவர்கள் அந்த இரைச்சலோடு சண்டை போடவில்லை. எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்லி ஓலைச் சத்தத்தை மட்டும் தனியாகப் பதிவு செய்துகொண்டார்கள். பேச்சை வெட்டி ஒட்டும் இடங்களில் அதை அடியில் ஓடவிட்டால் வெட்டு காதுக்குத் தெரியாதாம். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் ஜனம் பார்க்கும், பேச்சு கேட்கவில்லையென்றால் போய்விடும் என்றார் எடிட்டர்.

பிறகு விடிலி. ஓலை வேய்ந்த சின்னக் குடிசை, உள்ளே புகை, ஓலை இடுக்கில் வெளிச்சக் கீற்று. அண்ணாச்சியின் மனைவி அடுப்பில் பதநீரை ஏற்றியிருந்தார். நுரை பொங்கி விளிம்புக்கு வரும்போதெல்லாம் நசுக்கிய ஆமணக்கு விதையைக் கிள்ளிப்போட்டார், அடங்கியது. மணிக்கணக்காகக் காய்ந்து, நிறம் மாறி, கூப்பனி என்கிற பாகாகத் திரண்டது. தம்பி பக்கத்தில் குத்தவைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். எத்தனை கலயம் பதநீருக்கு எத்தனை கருப்பட்டி, விறகு எங்கிருந்து, சம்பாத்தியம் எப்படி. அக்கா பதில் சொல்லிக்கொண்டே கிண்டினார். ஒரு கட்டத்தில் கிண்டுகிற வேகம் மாறியது. தம்பி அதைக் கவனிக்காமல் அடுத்த கேள்வியைத் தொடங்கினார்.

“இப்பப் பேசாதீங்க தம்பி. பதம் போயிரும்.”

நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்த்தார், சட்டென்று இறக்கினார், வரிசையாக அடுக்கியிருந்த சிரட்டைகளில் ஊற்றத் தொடங்கினார். அவ்வளவு நேரமும் யாரும் வாய் திறக்கவில்லை.

இரவு மாடி அறையில் எடிட்டர் மூன்று மணிநேரத்துக்கு மேலான காட்சிகளை ஓட்டிப் பார்த்தார். பேசியதையெல்லாம் தாளில் எழுதி வைத்துக்கொண்டு சிவப்புப் பேனாவால் அடித்தார். தம்பி தோப்பில் நின்று கைகூப்பிச் சொன்ன வணக்கம் போனது, ட்ரோன் காட்சி சுருங்கியது. அக்கா பேசாதீங்க என்று அதட்டியது வீடியோவின் முதல் வாக்கியமாகி மேலே ஏறியது. அடுத்து என்ன கெட்டுப்போகும், ஏன் கெட்டுப்போகும் என்று பார்ப்பவர் கேட்டே தீரவேண்டிய இடம். பார்வையாளரைக் கட்டிப்போடுவது எப்படி என்று பயிற்சி வகுப்பு நடத்துகிறவர்கள் சொல்லும் உத்தி எதையும்விட, வேலை செய்கிறவருக்கு உண்மையிலேயே எது கைநழுவும் என்று கண்டுபிடிப்பது வலுவானது. அதற்கு அங்கே வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும், கேமராவை அணைக்காமலும் இருந்திருக்க வேண்டும்.

இடையில் ஒரு வியாபாரம் வந்தது. இணையத்தில் கருப்பட்டி விற்கிற ஒருவர் பணம் தருகிறேன், சர்க்கரை நோயாளிகள் பயமில்லாமல் சாப்பிடலாம் என்று ஒரு வரி சொல்லிவிடுங்கள் என்றார். கருப்பட்டியிலும் பெரும்பங்கு சுக்ரோஸ்தான். சீனியில் இருக்கிற அதே சர்க்கரை. தம்பிக்குப் பணத்தேவை இருந்தது முகத்தில் தெரிந்தது. பணம் வாங்கிச் சொன்னால் அது விளம்பரம் என்று தெரியும்படி போடவேண்டும் என்று விளம்பரத் தர மன்றத்தின் 2021 விதி இருப்பதை எடிட்டர் நினைவூட்டினார். போட்டாலும் பொய் பொய்தானே என்றார் கேமராப் பெண். அது கைவிடப்பட்டது. சீனி கலந்த கருப்பட்டியை வீட்டிலேயே கண்டுபிடிப்பது எப்படி என்று ஒரு குறுவீடியோ போடும் யோசனையும் போனது. லட்சக்கணக்கில் ஓடக்கூடிய தலைப்புதான். ஆனால் தண்ணீரில் கரைத்துப் பார்ப்பது, நக்கிப் பார்ப்பது போன்ற சோதனைகளை நம்பி ஒருவர் நல்ல கருப்பட்டியைத் தள்ளிவிட்டால் நட்டம் விடிலிக்குத்தான். அன்று ஊற்றிய கருப்பட்டி முழுவதையும் அக்கா சொன்ன விலைக்கே வாங்கிவிட்டார்கள். அவரது ஒரு நாள் வேலையைக் குறுக்கிட்டதற்கு அதுதான் இவர்கள் வழக்கமாகக் கொடுக்கும் ஈடு.

தம்ப்நெயில் மூன்று தயாரானது. யூடியூபிலேயே மூன்று வரை போட்டு, எதைத் தட்டியவர்கள் அதிக நேரம் பார்க்கிறார்கள் என்று சோதிக்கலாம். ஒன்றில் நுரை பொங்கும் பாத்திரம், ஒன்றில் சிரட்டையும் அக்காவின் கையும், மூன்றாவதில் கருப்பட்டியைக் கடித்தபடி கண் பிதுங்க வாய் பிளந்த தம்பி. மூன்றாவதுக்குக் கேமராப் பெண் அப்போது சம்மதிக்கவில்லை.

வெளியிடுவதற்கு முன் வெட்டிய பிரதியைப் படத்தில் வருகிறவரிடம் காட்டுவது வழக்கம் என்று மறுபடி உடன்குடி போனார்கள். அண்ணாச்சியும் அக்காவும் கைப்பேசித் திரையில் தலையை ஒட்டிக்கொண்டு பார்த்தார்கள். தன்னுடைய அதட்டல் முதலில் வந்ததும் அக்கா வாயைப் பொத்திச் சிரித்தார். அண்ணாச்சி முடிகிறவரை ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கேட்டார்: “பாளை சீவுனத எங்க?”

இருந்தது, நான்கு விநாடி. மேலே சின்ன உருவமாக, வந்த வேகத்தில் போய்விடும். அண்ணாச்சி அரிவாளை எடுத்து, விழுந்து கிடந்த ஒரு பாளையை மடியில் வைத்துச் சீவிக் காட்டினார். கனமாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும். சீவாமல் விட்டால் வாய் அடைபட்டுச் சொட்டு நிற்கும். தாள் மாதிரி எடுக்கவேண்டும், ஒவ்வொரு ஏற்றத்துக்கும் ஒவ்வொரு சீவல். “ஏறுறத எவனும் ஏறிருவான். இதுலதான் இருக்கு.”

கேமராப் பெண் அங்கேயே உட்கார்ந்து, கையையும் கத்தியையும் மட்டும் கிட்டத்தில் எடுத்தார். எடிட்டர் அதற்கு நாற்பது விநாடி ஒதுக்கினார். நீளத்தைக் கூட்டுவதில்லை என்ற பிடிவாதத்தில் இருந்ததால் எங்கேயாவது நாற்பது விநாடியை எடுத்தாக வேண்டும். தம்பி கருப்பட்டியைச் சுவைத்துக் கண்மூடித் தலையாட்டும் இடம் போயிற்று. தம்பி கொஞ்ச நேரம் வாதாடிப் பார்த்தார். கடைசியில் வாய் பிளந்த தம்ப்நெயிலையாவது சோதனையில் சேர்க்கவேண்டும் என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்.