ஆறு ரூபா சில்லறை

எல்.கே.ஜி.யிலிருந்தே நான் இங்கிலீஷ் மீடியம். அதனால இந்தக் கட்டுரையில ர, ற குழப்பம் இருந்தா எடிட்டர் குழுவைத் திட்டாதீங்க, தப்பு என்னோடது.

ஏழாவது செமஸ்டர்ல எம்.இ. மாணவர்களுக்கான அல்காரிதம் டிசைன் பேப்பரை எலெக்டிவா எடுத்தேன். ரெண்டாம் வருஷமே கிட்டத்தட்ட இதே பேர்ல ஒண்ணு படிச்சாச்சு, பழைய நோட்ஸைத் தூசி தட்டினா போதும், ப்ளேஸ்மெண்டுக்கு நேரம் மிச்சம்னு ஒரு கணக்கு. முதல் இன்டர்னல்லயே அது தப்பாப் போச்சு.

கேள்வி இதுதான்: 1, 2, 5, 10 ரூபா நாணயங்கள் வேணும்ங்கிற அளவு இருக்கு. பெருசுலேர்ந்து எடுத்துக்கிட்டே வந்தா, குறைந்த எண்ணிக்கையில சில்லறை கொடுத்துடலாம்னு நிரூபி. நான் கோட் எழுதி, 18 ரூபாய்க்கு 10, 5, 2, 1 வருதுன்னு காட்டினேன். பத்துக்கு ரெண்டு.

மேம்கிட்ட போய், "எந்த டெஸ்ட் கேஸ் கொடுத்தாலும் பாஸ் ஆகும் மேம்"னு சண்டை போட்டேன். அவங்க போர்டுல 1, 3, 4ன்னு எழுதி, ஆறு ரூபா கொடுக்கச் சொன்னாங்க. என் கோட் 4, 1, 1ன்னு மூணு நாணயம் எடுக்கும். 3, 3ன்னு ரெண்டே போதும். "உன் விடையில 1, 2, 5, 10க்கு மட்டும் பொருந்துற வரி எது, காட்டு"ன்னாங்க. ஒரு வரி கூட இல்ல.

அடுத்த கிளாஸ்ல ஒரு கதை சொன்னாங்க. 1960ல மாஸ்கோ பல்கலைக்கழகத்துல ஒரு கருத்தரங்கு. n இலக்க எண்கள் ரெண்டைப் பெருக்க n² அளவு வேலை இல்லாம முடியாதுன்னு கோல்மோகோரோவ் ஒரு கணிப்பைச் சொல்றார். நிகழ்தகவுக் கணிதத்துக்கே அடித்தளம் போட்ட மனுஷன். 23 வயசு கரட்சூபா ஒரே வாரத்துக்குள்ள வேற வழியோட வந்து நிக்கிறார். நாலு பெருக்கல் வேண்டிய இடத்துல மூணு போதும், அதையே திரும்பத் திரும்பப் பண்ணினா n-இன் 1.585 அடுக்கு. ரசிச்சேன். ஆனா எனக்கு அப்போ இன்ஸ்பிரேஷன் தேவைப்படல, மார்க்தான் தேவைப்பட்டுச்சு. கையில ஆஃபர் இல்ல. அரியர் விழுந்தா வர்ற கம்பெனிகளுக்கு உட்கார முடியாது. பேப்பரை ட்ராப் பண்ண திங்கள்கிழமை கடைசி நாள்.

சனிக்கிழமை ஊருக்குப் போய் எங்க மளிகைக் கடையில உட்கார்ந்தேன். ஒருத்தர் 44 ரூபாய்க்குச் சாமான் வாங்கிட்டு ஐம்பது ரூபா நோட்டு நீட்டினார். கல்லாவுல ஒரு ரூபா காசு தீர்ந்து போச்சு. நான் பழக்கத்துல அஞ்சை எடுத்துட்டு, மீதி ஒரு ரூபாய்க்கு மிட்டாய் டப்பாவைத் திறந்தேன்.

"டேய், அஞ்சை எடுத்தா மாட்டிக்குவ. மூணு ரெண்டு ரூபாயாக் குடு"ன்னாங்க அம்மா, பருப்பு பொட்டலம் கட்டிக்கிட்டே.

அவ்ளோதான். மூணு ரெண்டை ஓர் அஞ்சும் ஓர் ஒண்ணுமா மாத்திக்கலாம்னா, முதல்ல அந்த ஒரு ரூபா காசு இருக்கணும்! மேம் கேட்ட வரி அதுதான். ராத்திரி கடை பில்லோட பின்பக்கத்துல எழுதினேன்: ரெண்டு ஒண்ணு இருந்தா ஒரு ரெண்டு, மூணு ரெண்டு இருந்தா அஞ்சும் ஒண்ணும், ரெண்டு அஞ்சு இருந்தா ஒரு பத்து. இப்படி மாத்தினா எண்ணிக்கை ஏறாது, எல்லா இடத்துலயும் குறையும். அதனால பத்து ரூபா நாணயமே இல்லாம பத்தையோ அதுக்கு மேலயோ சிறந்த முறையில கொடுக்க முடியாதுன்னு முடிச்சேன்.

திங்கள்கிழமை ட்ராப் ஃபார்முக்குப் பதிலா அந்த பில்லை நீட்டினேன். மேம் அரை நிமிஷம் படிச்சாங்க. "அஞ்சு, ரெண்டு, ரெண்டு, ஒண்ணு. பத்து ரூபா ஆச்சு. உன் எந்த விதி இதைத் தடுக்குது?"

ரெண்டு ரெண்டும் ஒரு ஒண்ணும் சேர்ந்தா அஞ்சுங்கிறதை விட்டுட்டேன். அங்கேயே நின்னு அந்த வரியைச் சேர்த்துக் கொடுத்தேன். மார்க் மாறல, அதே ரெண்டுதான்.

செமஸ்டர் எக்ஸாமுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கு. நேத்து போன்ல அம்மா, "அந்தப் பேப்பர்ல பாஸாயிடுவியா?"ன்னு கேட்டாங்க. நிரூபிக்க இன்னும் டைம் இருக்கும்மான்னேன். ஒழுங்கா பதில் சொல்லுடான்னு திட்டிட்டு வச்சுட்டாங்க.